நாற்பத்தேழு சதவீதம்

நாற்பத்தேழு. மறுபடியும் நாற்பத்தேழு. நீலப்பட்டை பாதி தூரம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. நாற்பத்தாறில் நின்றிருந்தால்கூடத் தேவலை, ஐம்பத்திரண்டில் நின்றிருந்தால் இன்னும் தேவலை, ஏதோ இடம் மாறுகிறது, ஏதோ அசைகிறது என்று மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இது அசைகிற ஜாதி இல்லை. சிடி உள்ளே கிர்ரென்று சுற்றுகிறது, நிற்கிறது, தொண்டையைச் செருமுகிறது, மறுபடி சுற்றுகிறது, பிறகு அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வந்து நடுத்திரையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லையாம். மறுபடி முயலவா, இல்லை இதை விட்டுவிட்டு மேலே போகவா என்று கேட்கிறது. மறுபடி முயல் என்று ஆவுடையப்பன் அமுக்கினார். கிர்ர். செருமல். பெட்டி. மறுபடி முயல். காலையிலிருந்து இந்த விரல் வேறு வேலை பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஸ்கேன் சென்டரில் மூளையின் மின்னோட்டத்தைக் கோடு கோடாக எடுத்துக்கொடுக்கிற டெக்னீசியன் அவர். வயது ஐம்பத்து நாலு. இன்றைக்கு ஒரு சிடி முன்னால் கைகட்டி நிற்கிறார். மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. வெளியே பெஞ்சில் பேச்சித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுக் காலையில் எழுந்தவள் இன்னும் கண்ணை மூடவில்லை, மூடவும் கூடாது. அப்படித்தான் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும், மண்டையில் வயரை ஒட்டின பிறகுதான் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்தில்தான் வலிப்பு தன் முகத்தைக் காட்டும். பெஞ்சிலேயே தூங்கித் தீர்த்துவிட்டால் முழித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். மெஷினோ விண்டோஸ் தொண்ணூற்றெட்டு இருந்தால்தான் வாயைத் திறக்கும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடிப் பதினாலு வருஷமாகிறது, போன் போட்டால் எடுக்க அங்கே ஒரு காவல்காரன்கூட இல்லை.

மூன்று வாரமாக ஹார்டு டிஸ்க் டக் டக் என்று தட்டிக்கொண்டுதான் இருந்தது. கேட்டது. காது இருக்கிறதே, கேட்காமல் என்ன. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார், நேற்றுச் சாயங்காலம் அது நாளைக்குக் காத்திராமல் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா திருநெல்வேலியிலிருந்து வியாழக்கிழமை மட்டும் தென்காசிக்கு வருகிறவர்கள். மதியம் இரண்டு மணிக்கு வந்து நாலு மணிக்குக் காரில் ஏறினால் இந்தத் தடவை திரும்பி வர ஒரு மாசம், மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகிறார்கள். அதனால் ஆவுடையப்பன் இன்றைக்கு ஏழரை மணிக்கே வந்துவிட்டார், வந்ததும் செய்த முதல் காரியம் முட்டாள்தனம். வரவேற்பு மேஜையில் சீட்டு எழுதுகிற கம்ப்யூட்டர் கொஞ்சம் புதுசு, வேகமானது, அதில் போட்டுவிடலாம், சீக்கிரம் முடியும் என்று அதைக் கழற்றி உள்ளே தூக்கி வந்தார். சிடியைப் போட்டால் போதுமான மெமரி இல்லை என்றது. இரண்டு ஜி.பி. இருக்கிறது! பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப்போல முப்பது மடங்கு! பிறகுதான் ஞாபகம் வந்தது, தொண்ணூற்றெட்டுக்கு மெமரி கூடிப்போனாலும் இல்லை என்றுதான் சொல்லும், எண்ணத் தெரியாது. இலை கொள்ளாமல் பரிமாறினதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடே போடவில்லை என்று எழுந்துபோகிற சம்பந்தி மாதிரி. சரி, உன் வயிறு சின்ன வயிறு என்று ஒரு ரேமை உருவினார், கேட்கவில்லை. இன்னொன்றை உருவிவிட்டு அலமாரியில் கிடந்த குட்டி ரேம் ஒன்றைச் செருகினார், கேட்டது. அப்புறம் ஹார்டு டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை என்றது. அதற்கு அரை மணி நேரம் எங்கெங்கோ நுழைந்து எதையெதையோ மாற்றி, தெரிய வைத்து, அப்பாடா என்று மெஷினுடைய கார்டைப் பழையதிலிருந்து பிடுங்கி இதில் வைக்கப் போனால் இடமில்லை. அந்த நீளக் கறுப்புப் பள்ளம் இந்த மதர்போர்டில் கிடையவே கிடையாது. எல்லாம் குட்டை வெள்ளைப் பள்ளம். இதை முதலில் பார்த்திருக்க வேண்டாமா? மூடியைத் திறந்ததும் கண்ணுக்கு எதிரே இருக்கிற விஷயம். கல்யாணத்துக்கு மேளம் பேசி, பந்தல் போட்டு, சமையல்காரனுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தாயிற்று, பெண் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கூடப்பிறந்த கோமதி அக்கா அடிக்கடி சொல்வாள், அவளை நினைக்காதே, இப்போது நினைக்காதே, ஸ்க்ரூவை எண்ணி வை.

மறுபடியும் பழையதையே மேஜைமேல் ஏற்றினார். அலமாரியின் அடித்தட்டில், துருப்பிடித்த சாவிகளுக்கும் எப்போதோ செத்த மௌஸ்களுக்கும் நடுவில், நல்ல ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்து, மாட்டி, ஃபார்மட் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது எண்ண ஆரம்பித்தபோது மணி பத்து. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முன்னால் சொரிமுத்து, லோடுமேன் சட்டை, சிவந்த கண், மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தான். பின்னால் பேச்சித்தாய், இருபத்து மூன்று வயசு, எண்ணெய் இல்லாத தலை விரித்துப் பறந்துகொண்டிருந்தது. "வணக்கம் அண்ணாச்சி. தெருவை நாப்பது சுத்து சுத்தியிருக்கோம். நாய்க்குக்கூட எங்களப் பழகிட்டு" என்று சொரிமுத்து சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு கொட்டாவியாக முடிந்தது. ஒரு பதினைந்து நிமிஷம் உட்காருங்க, ரெடி ஆயிரும் என்றார் ஆவுடையப்பன். வாய் கூசாமல் சொன்னார். பிறகு சீட்டுப் பார்க்கிற சாக்கில் அவன் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான். "எங்கம்மா ஒத்தக் கால்ல நிக்கா அண்ணாச்சி. இது நோய் இல்ல, பிடிச்சிருக்கு, கோயில்ல கொண்டு போய் விட்டாத்தான் போவும்ங்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வேன்லாம் சொல்லியாச்சு. நான் சண்டை போட்டு இந்த ஒரு வியாழக்கிழமைய வாங்கிட்டு வந்திருக்கேன். படத்துல நோய்னு வந்துட்டா மாத்திரை. வரலைன்னா எனக்கு அப்புறம் பேச வாய் கிடையாது." எந்தக் கோயில் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், வேப்பமரம், மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம், தளத்தில் வளையம். அங்கே சங்கிலி அவ்வளவு கனமாக இராது, மாட்டுச் சங்கிலிதான், ஆனால் மழை பெய்தால் துருவின் சாறு காலில் இறங்கும். தூக்குவாளியில் சோறு. அன்றைக்குப் பையனாக இருந்த ஆவுடையப்பனுக்குத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மைல் நடை. கோமதி அக்கா சோற்றை வாங்கிக்கொண்டு, பரீட்சை நல்லா எழுதினியால என்று கேட்பாள், வேறொன்றும் கேட்கமாட்டாள். ஒரு வருஷமும் ஏழு மாசமும். இதையெல்லாம் சொரிமுத்துவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை. உட்காருங்க தம்பி, அவளைத் தூங்கவிடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபார்மட்டைப் பார்க்கத் திரும்பினார். முப்பத்தாறு சதவீதம் ஆகியிருந்தது.

அது முடிந்து சிடியைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மீதமுள்ள நேரம் முப்பத்தைந்து நிமிஷம் என்று ஓரத்தில் எழுதிக் காட்டியது. ஏழு நிமிஷம் ஆன பிறகும் அதே முப்பத்தைந்து. நடுவில் விளம்பரம் வேறு, இனிமேல் எல்லாம் எளிது, இனிமேல் எல்லாம் வேகம் என்று. அப்புறம் நாற்பத்தேழு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது கேள்விப்பட்டிருக்கிறோம். இது பாதி மோர் கடையும்போதே உடைகிற தாழி. முதல் தடவை, தூசி என்று நினைத்துச் சிடியை வேட்டி முனையால் துடைத்தார். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றது, தொடங்கினார். இரண்டாம் தடவை, யாரோ எப்போதோ சொன்ன வைத்தியம், பல் தேய்க்கிற பேஸ்டை அடியில் தடவி, கழுவி, பஞ்சால் ஒற்றிப் போட்டார். மூன்றாம் தடவைதான் இது. பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பீர்முகமதுக்குப் போன் போட்டார். "தொண்ணூத்தெட்டா? அண்ணாச்சி, நீங்க இன்னும் அதவா ஓட்டுதிய?" என்று அவன் சிரித்த சிரிப்பில் போனே நனைந்திருக்கும். நெட்டிலிருந்து இறக்கிக் கொடுக்கிறேன், அது கிடைக்கும், ஆனால் எதில் போட்டுத் தர என்று கேட்டான். பென் டிரைவில் போட்டால் உங்கள் கிழவனுக்குத் தெரியாது. சிடியில் எழுத வேண்டும். வெற்றுச் சிடி தென்காசியில் எவன் விற்கிறான்? கல்யாண வீடியோ எடுக்கிறவனே விட்டுவிட்டான். திருநெல்வேலியில் ஒருவனிடம் இருக்கலாம், கேட்டுச் சொல்கிறேன், சாயங்காலம் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்கிறேன். "சாயங்காலம் வேண்டாம்பா." "ஏன், அவ்ளோ அவசரமா?" அவசரமா என்று கேட்கிறான். வேறெங்காவது அனுப்பலாம் என்றாலோ, திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு அப்புறம்தான் தேதி கொடுப்பார்கள். மற்ற இடங்களில் இன்றைக்குக் கேட்டு இன்றைக்கே எடுக்கமாட்டார்கள். வேன் காத்திராது. ஆவுடையப்பன் போனை வைத்தார். 

கதவு இடுக்கு வழியாகப் பெஞ்ச் தெரிந்தது. பேச்சித்தாயின் தலை மெல்ல முன்னால் சரிந்தது. சொரிமுத்து தோளைத் தட்டினான். "ஏளா. ஏளா பேச்சி. கண்ணத் தொற." "தொறந்துதான இருக்கேன்." "எங்க தொறந்திருக்க? நம்ம கல்யாணத்துக்கு என்ன கறி வச்சாங்க, சொல்லு." "சாம்பாரு." "அப்புறம்?" "அப்புறம் உங்கம்மா மூஞ்சி." அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை; அவளுடைய விரல்கள் மடியில் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நகத்தால் குத்தி, கீழே போட்டன. பீடி சுற்றுகிறாள். இலையும் இல்லை, தூளும் இல்லை, காற்றைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், தூங்காமல் இருக்க. ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். "அண்ணாச்சி, நான் தூங்கிட்டா எல்லாம் வீணாயிருமா?" வீணாயிரும் தாயி, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ. "படத்துல ஒண்ணும் வரலைன்னா?" இதற்குப் பதில் அவருக்குத் தெரியும், தெரிந்ததுதான் கஷ்டம். வலிப்பு உள்ளவர்களுக்கே பல சமயம் படத்தில் ஒன்றும் வராது. நன்றாக முழித்து, நன்றாக அசந்து, நன்றாகத் தூங்கினால் வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் கொஞ்சத்துக்காகத்தான் இந்தப் பெண் நாயைப் பழக்கிக்கொண்டு தெருவைச் சுற்றியிருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை இந்த நாற்பத்தேழு தின்றுகொண்டிருக்கிறது. "வரும் தாயி" என்றார். சொல்லக்கூடாது. டெக்னீசியன் நோயாளியிடம் வரும் என்றோ வராது என்றோ, இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிடியை வெளியே எடுத்தார். அடிப்பக்கம் பேஸ்ட் வைத்தியத்தில் கண்ணாடிபோலப் பளபளத்தது, ஒரு கீறல் இல்லை. பிறகு என்னதான் வந்தது உனக்கு, சனியனே, உன்னைப் பீரோவில் துணி சுற்றியல்லவா வைத்திருந்தேன் என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெயில் சிடியைத் தாண்டி வந்து கண்ணில் குத்தியது. குண்டூசி முனை அளவு ஓட்டை. பக்கத்தில் இன்னும் இரண்டு, கடுகு கடுகாக. திருப்பினார். மேல்பக்கத்தில், எழுத்துக்கு நடுவில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு பழைய கறை. சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். ஆயுதபூஜை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் மெஷினைத் துடைத்து, கீபோர்டைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, கடைசியில் பீரோவிலிருந்து இந்தச் சிடியை எடுத்து வந்து, இதுதான் மூலம், இது போனால் எல்லாம் போச்சு என்று மற்றதைவிடப் பெரிய பொட்டாக வைப்பது யார்? மேனேஜரா? கூட்டுகிற அம்மாவா? ஆவுடையப்பன்தான். ஈரச் சந்தனம், எலுமிச்சம்பழம் பிழிந்த குங்குமம், இருபத்திரண்டு வருஷம், அதே இடத்தில். அது வண்ணத்தைத் தின்று, வண்ணத்துக்குக் கீழே இருக்கிற வெள்ளித்தகட்டைத் தின்று, நாற்பத்தேழாவது சதவீதத்தைத் தின்றுவிட்டது. எழுதியிருப்பது அடியில் என்று நினைத்து அடியைத்தான் பொத்திப் பொத்தி வைத்தார். அது இருப்பது பொட்டு வைக்கிற பக்கத்தில். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வரும்போல இருந்தது, வந்தது சிரிப்பு இல்லை. கோமதி அக்காளுக்கும் அம்மா அப்படித்தான் வைத்தாள். சங்கிலியைப் பூட்டுவதற்கு முன்னால் நெற்றி நிறைய, அழுதுகொண்டே, நல்லாயிருவ தாயி, நல்லாயிருவ என்று. ஒருத்தரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடு, கொடு என்பார்கள், பூட்டுச் சாவியைத் தேடி ஓடுவது இவர்தான், சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நிற்கும், பார் பார் என்பார்கள். கொடுக்காவிட்டாலும் நிற்கும் என்று யாருக்குத் தெரியும், நிற்கும்வரை கொடுக்காமல் இருந்து பார்க்க யாருக்குத் தைரியம். இந்த வேலைக்கு வந்த புதிதில் முதலாவதாக அவளைத்தான் இந்த மெஷினில் படுக்க வைத்தார். ஊர்க்கார அம்மா என்று சீட்டில் எழுதினார். அக்கா என்று எழுதக் கை வரவில்லை. கோடுகள் குதித்தன, மாத்திரை எழுதினார்கள், அளவு பிடிபட்ட பிறகு பத்தொன்பது வருஷமாக ஒரு வலிப்பு கிடையாது. இப்போது அறுபத்தொரு வயசில் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு இவர் மனைவியுடன் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடிக்கிறாள். சண்டை பிடிக்கட்டும். ஆனால் அந்தப் படம் இருபத்து மூன்று வயசில் எடுத்திருந்தால். அதைத்தான் நினைக்காதே என்றேன்.

மணி ஒன்று பத்து. நாலாம் தடவை. நாற்பத்தேழு, கிர்ர், செருமல், பெட்டி. மறுபடி முயலவா, விட்டுவிட்டு மேலே போகவா. விடக்கூடாது. சென்னையில் பதினைந்து நாள் பயிற்சியில் அதைத்தான் தலையில் அடித்துச் சொன்னார்கள், எதைத் தாண்டினாலும் ஒரு கோப்பைத் தாண்டாதே, இன்றைக்குத் தாண்டினது நாளைக்குக் காலை வாரும் என்று. அதை அவர் வேதமாக வைத்திருந்தார். எது உள்ளே இருக்கிறதோ யார் கண்டது, அந்தக் கோப்பு இல்லாமல் கார்டு பேசாமல் போகலாம், கோடு தப்பாக விழலாம், தப்பான கோடு விழாத கோட்டைவிட மோசம். ஆனால் ஓட்டைக்குள் எத்தனை தடவை விரலை விட்டாலும் ஓட்டைதான். மறுபடி முயல் என்பதன்மேல் விரல் தானாகப் போனது, பழக்கம். வெளியே சொரிமுத்துவின் குரல்: "ஏளா! ஏளா, எந்திரி, நடப்போம்." செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து வைக்கிற செருப்பு. தலைக்குமேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆவுடையப்பன் விட்டுவிட்டு மேலே போ என்பதை அமுக்கினார். நாற்பத்தேழு. நாற்பத்தேழு. கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நாற்பத்தெட்டு. இன்னொரு கோப்பு, அதையும் விடு. இன்னொன்று, போ. ஐம்பது, ஐம்பத்தொன்று, அறுபது. கள்ளன் மாதிரி உட்கார்ந்திருந்தார். தொண்ணூறைத் தாண்டியதும் மானிட்டர் கறுத்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது, மேகம் போட்ட படம் வந்தது, போனது, கறுப்பு, மறுபடி மேகம், கறுப்பு.

டாக்டரம்மாவின் கார் வாசலில் நிற்கிற சத்தம் கேட்டது. இரண்டு மணி. பின்னால் கதவு திறந்து சொரிமுத்து அவளை உள்ளே கூட்டிவந்தான். "அண்ணாச்சி, பெஞ்ச்ல வச்சிருந்தா ஆவாது. நின்னுக்கிட்டே தூங்குதா." நிற்கட்டும், இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி அவளைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். எத்தனை கட்டு சுற்றுவ ஒரு நாளைக்கு, இலை யார் வெட்டுவா, வாய் கேட்டுக்கொண்டிருந்தது, காது முதுகுப்பக்கம் இருந்தது. அந்தச் சத்தம் வர வேண்டும். தொண்ணூற்றெட்டு எழுந்து நின்றால் கோயிலில் நடை திறக்கிற மாதிரி நீளமாக ஒரு நாதம் வரும், இத்தனை வருஷமும் அதைக் கேட்டுத்தான் அவருடைய நாள் விடியும். வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. சரி, காலை வாரிவிட்டது. நாளைக்கு என்றார்கள், இன்றைக்கே வாரிவிட்டது. எதைத் தாண்டினேனோ அதுதான் உயிர்நாடி. இனி முதலிலிருந்து ஃபார்மட், நாலு மணி, கார் போய்விடும், வேன் வந்துவிடும்.  அவர் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். சொரிமுத்து ஒரு அடி பின்னால் போனான். பேச்சித்தாய் போகவில்லை, பாதி மூடிய கண்ணால் அவருடைய தோளுக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, டிவி வந்துட்டு." என்ன? "ஒங்க டிவி. பச்சையா வந்துட்டுல்லா." திரும்பினார். பச்சைநீலத் திரை, ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள், எல்லாம் அதனதன் இடத்தில், ஒரு சத்தமும் இல்லாமல். எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறதோ. அவர் தாண்டினது சத்தக் கோப்புகளைத்தான். அந்த ஓட்டையில் போனது அந்த நாதமும் மணியோசையும்தான். அதற்காகவா காலையிலிருந்து! ஏசுவதற்கு வாயைத் திறந்து, டாக்டரம்மா அடுத்த அறையில் இருக்கிறார்கள் என்று மூடிக்கொண்டார். மெஷினுடைய நிரல் மூன்று ஃப்ளாப்பியில் இருந்தது. மூன்றும் மூச்சுவிடாமல் ஏறின. அவற்றுக்கு ஆயுதபூஜையில் பொட்டு வைத்ததே இல்லை, அவ்வளவு முக்கியமில்லை என்று.

மூன்று மணிக்கு அவளைப் படுக்க வைத்து மண்டையில் இருபத்தொரு இடத்தில் பசை வைத்து வயர் ஒட்டினார். கோடுகள் வந்தன, வந்தன, ஆனால் எல்லாம் நடுங்கின, ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கல். தப்பான கோடு. கார்டைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். வலது கை போர்வைக்குக் கீழே இறுக மூடியிருந்தது, அந்த இறுக்கம்தான் கோட்டில் விழுகிறது. கையைத் தளர்த்து தாயி. தளர்த்தவில்லை. மெல்ல விரித்தார். உள்ளே ஒரு பழைய பூட்டுச் சாவி, வியர்வையில் நனைந்து, உள்ளங்கையில் அச்சு விழுந்து கிடந்தது. "அத்த குடுத்தாவ. எந்நேரமும் கையில இருக்கணும்னு. கீழ வச்சா வந்துரும்." மற்ற நாளாக இருந்தால் இதையெல்லாம் இங்கே வைக்கக்கூடாதும்மா என்று வாங்கி மேஜைமேல் போட்டுவிடுவார். இன்றைக்கு அதை வாங்கித் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். "நான் பிடிச்சுக்கிடுதேன். கீழ வைக்க மாட்டேன். நீ தூங்கு." அவள் அவரை ஒரு நிமிஷம் நம்பிக்கையில்லாமல் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். நேற்று ராத்திரியிலிருந்து தூங்காதே, தூங்காதே என்று எல்லோரும் விரட்டின பெண்ணிடம் தூங்கு என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். விரல்கள் இரண்டு பீடி சுற்றின. நின்றன. கோடுகள் அமைதியாயின, மெதுவாகின, தூக்கத்தின் நீண்ட அலைகள் இறங்கின. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பதினைந்து. மணி மூன்றரை. இடது கை சாவியை அழுத்திக்கொண்டே இருந்தது, வா, வந்து தொலை, வா. ஒரு பெண்ணின் மூளையில் நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஒரு மனுஷன், இவனுக்கு நல்ல கதி கிடைக்குமா என்று நினைத்தார். இருந்தும் வேண்டினார்.

மூன்று முப்பத்தெட்டுக்குக் குதித்தது. இடது நெற்றிப்பக்கக் கோடு ஊசியாக மேலே எழும்பி இறங்கி ஒரு அலையை இழுத்தது. சும்மா இருந்தது. மறுபடி. மறுபடி, பக்கத்துக் கோட்டையும் சேர்த்துக்கொண்டு. அக்காளுக்கும் அதே பக்கம். கண்ணாடி மங்கிவிட்டது, கழற்றித் துடைத்தார், மங்கியது கண்ணாடி இல்லை. இன்டர்காமில் டாக்டரம்மாவை அழைத்தார். வரேன், ரெண்டு நிமிஷம் என்றார்கள். கதவோரம் நின்றிருந்த சொரிமுத்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்ன அண்ணாச்சி? இல்லையா?" டாக்டர் வந்து சொல்லுவாங்க என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன வாக்கியம், தானாக வாயில் வந்து நின்றது. ரெண்டு நிமிஷம்தானே. "இருக்கு" என்றார். "நோய்தான். நல்லாத் தெளிவா இருக்கு." சொரிமுத்து சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான், தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாதே என்று. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மாகிட்ட இத எப்படிச் சொல்ல அண்ணாச்சி? கோட்டக் காட்டினா அவ நம்பவா போறா?" என்றான். ஆவுடையப்பன் கையை விரித்துச் சாவியைப் பார்த்தார். உள்ளங்கையில் அவருக்கும் அச்சு விழுந்திருந்தது. "நம்பலைன்னா நாளைக்குக் காலையில என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார். "எங்கக்கா இருக்கா. அந்தக் கோயில்ல கிடந்தவதான், மாத்திரையிலதான் நல்லாயிட்டா. சங்கிலி கிடந்த காலைக் காட்டச் சொல்லுதேன்."